பழைய பூட்டும் பழைய சாவியும்

நம் வீட்டில் பத்து வருஷம் சமையல் செய்தவர் ஒரு நாள் விடைபெற்றுக்கொண்டு எதிர் வீட்டில் வேலைக்கு அமர்ந்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். மனிதர் யோக்கியர். போகும்போது வெண்கலப் பானையிலிருந்து எண்ணெய்க் கரண்டி வரையில் எண்ணி ஒப்படைத்துவிட்டார். உக்கிராணத்துச் சாவியையும் திருப்பிக் கொடுத்துவிட்டார். எல்லாம் சரிதான். ஆனால் நம் வீட்டு ரசத்தின் பக்குவத்தை எந்த அலமாரியில் வைத்துவிட்டுப் போவார்?

அடுத்த மாதம் எதிர் வீட்டில் கலியாணம். பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாரும் ரசத்தைப் புகழ்ந்து தள்ளுகிறார்கள். நாமும் ஒரு வாய் குடித்துப் பார்க்கிறோம். சந்தேகமே இல்லை, நம் வீட்டு ரசந்தான்! உடனே வயிறு எரிகிறது. "துரோகி!" என்று முணுமுணுக்கிறோம். அவர் செய்த துரோகம் இன்னதென்று யாராவது கேட்டால் மட்டும் நமக்குப் பதில் சொல்லத் தெரிவதில்லை.

இந்தத் தர்மசங்கடம் சமையலறையோடு நிற்பதில்லை. கடையிலும் உண்டு, கச்சேரியிலும் உண்டு. விளையாட்டு மைதானத்திலோ இது லக்ஷக்கணக்கான ஜனங்களின் கண்முன்னாலேயே நடந்துவிடுகிறது. அப்படி அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தைப் பற்றித்தான் இந்த வாரம் நேயர்களிடம் பேச விரும்புகிறோம்.

* * *

அமெரிக்கர்கள் 'புட்பால்' என்று சொல்லும் ஆட்டத்துக்குப் பெயர்தான் கால்பந்து. பெரும்பாலும் பந்தைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அல்லது கையால் வீசுகிறார்கள். கால் அதன்மேல் படுவது அபூர்வம். பந்தும் உருண்டையாக இல்லை. இரு முனையும் கூராக இருக்கும். பக்கத்துக்கு 11 பேர். பந்து வைத்திருக்கும் கோஷ்டிக்கு 4 சந்தர்ப்பம் கொடுப்பார்கள். அதற்குள் 10 கஜம் முன்னேறினால் மறுபடியும் 4 சந்தர்ப்பம். முன்னேறாவிட்டால் பந்து கைமாற வேண்டியதுதான்.

பார்ப்பதற்கு ஒரே தள்ளுமுள்ளாகத் தோன்றும். உண்மையிலோ, ஒவ்வொரு சந்தர்ப்பத்துக்கும் முன்கூட்டியே வகுத்த ஒரு வியூகம் உண்டு. இன்னார் இந்தப் பக்கம் ஓட வேண்டும், இன்னார் எதிரியை மறிக்க வேண்டும், பந்து இன்ன இடத்துக்கு வர வேண்டும் என்று அணுப்பிசகாமல் தீர்மானித்திருப்பார்கள். அந்த வியூகங்களை வகுப்பதற்கென்றே உத்தியோகஸ்தர்கள் இருக்கிறார்கள். கோஷ்டியின் தலைமை உபாத்தியாயருக்குக் கீழே, தாக்கும் அணிக்கு ஒருவர், காக்கும் அணிக்கு ஒருவர். இவர்களுக்குக் 'கோஆர்டினேட்டர்' என்று பெயர். வாரம் முழுவதும் எதிரியின் ஆட்டத்தைப் படமாகப் பார்த்துப் பார்த்து ஏடு தயாரிப்பதும், ஆட்டத்தன்று சமயம் அறிந்து அந்த ஏட்டிலிருந்து ஒவ்வொரு வியூகமாக அனுப்புவதும் இவர்கள் வேலை.

பந்தை வீசும் தளகர்த்தனுக்குக் 'குவார்ட்டர்பாக்' என்று பெயர். 1994 முதல் அவனுடைய தலைக்கவசத்துக்குள் ஒரு சிறு ரேடியோ வைத்திருக்கிறார்கள். மைதானத்தின் ஓரத்திலிருந்து சொல்லும் யோசனை அதன் வழியாக அவன் காதில் விழும். ஆனால் பந்தை எடுக்க வேண்டிய கெடுவில் 15 விநாடி பாக்கி இருக்கும்போது ரேடியோ நின்றுவிடும். அதற்குமேல் அவன் சொந்தப் புத்திதான். எதிரிகள் நிற்கிற நிலையைப் பார்த்து, வியூகத்தை மாற்ற வேண்டும் என்று தோன்றினால் தன் ஆட்களுக்கு உரக்கக் கத்தியே தெரிவிக்க வேண்டும். எதிரே நிற்கும் 11 பேருக்கும் காது இருக்கிறதே! ஆகையால் பரிபாஷையில் கத்துகிறான். ஒரு பெயர், ஓர் எண், அர்த்தமில்லாதது போன்ற ஒரு சொல். அர்த்தம் அந்தக் கோஷ்டிக்கு மட்டுமே தெரியும்.

அதாவது, அந்தப் பரிபாஷையை உண்டாக்கிய மனிதர் எதிர்க் கோஷ்டிக்குப் போய்ச் சேராமல் இருக்கும் வரையில்.

* * *

போய்ச் சேருவதோ அங்கே சர்வ சாதாரணம். வருஷந்தோறும் கோஆர்டினேட்டர்கள் கோஷ்டி மாறுகிறார்கள். வருஷந்தோறும் யாராவது ஒருவர் தம் பழைய கோஷ்டிக்கு எதிரே நிற்கிறார். பெரும்பாலும் அதனால் பிரளயம் எதுவும் வருவதில்லை. பழைய கோஷ்டியார் சொற்களை மாற்றிக்கொண்டுவிடுகிறார்கள். மாற்றிக்கொள்ளாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குத்தான் ஜான் குரூடன் என்பவரின் கதை உதாரணமாக இருக்கிறது. இந்தப் பெயருக்குள் 'குரு'வைப் போல ஏதோ ஒன்று ஒலிப்பது தற்செயல்தான்; ஆனாலும் பொருத்தமாகவே அமைந்திருக்கிறது.

குரூடன் 1995 முதல் 1997 வரையில் பிலடெல்பியா ஈகிள்ஸ் கோஷ்டியின் தாக்கும் அணிக்குக் கோஆர்டினேட்டராக இருந்தார். 1998ல், தம்முடைய 34-வது வயதில், அப்போது கலிபோர்னியாவில் இருந்த ஓக்லண்டு ரெய்டர்ஸ் கோஷ்டிக்குத் தலைமை உபாத்தியாயரானார். பிலடெல்பியாவில் தம்மோடு வேலை பார்த்த பில் காலஹன் என்பவரையும் கூட அழைத்துப் போய், ஓக்லண்டில் கோஆர்டினேட்டராக வைத்துக்கொண்டார்.

1999ல் ரிச் கானன் என்னும் தளகர்த்தன் அங்கே வந்து சேர்ந்தான். வயது 33. ஆட்டத் தொழிலில் நுழைந்தது 1987ல். அதற்குப் பிறகு ஊர் ஊராக மாறி, பல இடங்களில் இன்னொருவனுக்கு மாற்றாளாகவே காலம் தள்ளியவன். அந்த வயதில் பலர் மூட்டை கட்டிவிடுவார்கள். குரூடன் அவனைவிட இரண்டே வயது மூத்தவர். ஆனாலும் குரு குருதான். அவர் வகுத்த வியூகங்களும் அவர் கற்பித்த பரிபாஷையும் இந்த மனிதனுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் பொருந்திவிட்டன. மாற்றாளாக இருந்தவன் முதல் தரத் தளகர்த்தனாகிவிட்டான்.

2002 பிப்ரவரியில் ஒரு விசேஷம் நடந்தது. ஓக்லண்டு முதலாளி குரூடனை ப்ளாரிடாவிலுள்ள டாம்பா பே பக்கனீர்ஸ் கோஷ்டிக்கு விற்றுவிட்டார். விற்றார் என்று நாம் சொல்வது அலங்காரத்துக்காக அல்ல. ஒப்பந்தத்தில் இன்னும் ஒரு வருஷம் பாக்கி இருந்ததால் அதற்கு விலை பேசினார்கள். புது ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கும் சுற்றுக்களில் முதல் சுற்று உரிமை இரண்டு, இரண்டாம் சுற்று உரிமை இரண்டு, அதற்கு மேல் ரொக்கமாக 80 லக்ஷம் டாலர். ஓக்லண்டில் காலியான ஆசனத்தில் காலஹன் அமர்ந்தார். வியூகங்களும் மாறவில்லை, பரிபாஷையும் மாறவில்லை.

ஏன் மாற்றவில்லை என்று கேட்டால், மாற்றுவதற்கு என்ன அவசியம் வந்தது? அந்த 2002-ம் வருஷத்து ஆட்டங்களில் கானன் 4,689 கஜ தூரம் பந்து வீசி, தேசத்திலேயே சிறந்த ஆட்டக்காரன் என்ற பட்டம் வாங்கினான். லாபம் கொட்டுகிற கடையில் கணக்குப் புஸ்தகத்தைப் புது முறையில் எழுதச் சொன்னால் யார் கேட்பார்கள்?

* * *

டாம்பாவில் குரூடனுக்கு ஆயத்தமாகவே ஒரு காக்கும் அணி கிடைத்தது. டோனி டஞ்சி என்னும் உபாத்தியாயர் 1996 முதல் ஆறு பருவங்கள் பாடுபட்டு அந்தக் கோஷ்டியை உருவாக்கியிருந்தார். இறுதிக் கட்டத்துப் பந்தயங்களில் போதிய வெற்றி வரவில்லை என்று அவரை விலக்கிவிட்டார்கள். அவர் வைத்திருந்த காக்கும் அணிக் கோஆர்டினேட்டர் மான்டி கிபின் மட்டும் இருந்தார். அந்த அணி 2002-ல் 16 ஆட்டங்களில் எதிரிகளுக்கு விட்டுக் கொடுத்தது மொத்தம் 196 புள்ளிகளே. அவ்வளவு சிக்கனமான அணி அந்த வருஷம் வேறு எதுவும் இல்லை.

2003 ஜனவரி 19ந் தேதி ஞாயிற்றுக்கிழமை. குரூடன் தம் கோஷ்டியுடன் பிலடெல்பியாவுக்குப் போனார். தாம் கோஆர்டினேட்டராக இருந்த அதே கோஷ்டி, அதே மைதானம். 27க்கு 10 என்ற கணக்கில் ஜயித்தார். ஒரு பழைய வீட்டுக் கணக்கு தீர்ந்தது.

அடுத்த ஞாயிறு, 26ந் தேதி, சான் டீகோ நகரத்தில் 'சூப்பர் பௌல்' என்னும் இறுதிப் பந்தயம். எதிரே யார்? ஓக்லண்டு ரெய்டர்ஸ். எட்டு நாளைக்குள் ஒரு மனிதர் தாம் உப்புத் தின்ற இரண்டு வீடுகளுக்கும் எதிராக நிற்க வேண்டியதாயிற்று!

இரண்டு கோஷ்டிகளின் பெயர்களுக்கும் கொள்ளைக்காரர்கள் என்றுதான் பொருள் என்பதையும் நேயர்கள் கவனிக்க வேண்டும். ரெய்டர் கொள்ளைக்காரன், பக்கனீர் கடற்கொள்ளைக்காரன். இவர்களில் யார் யாரிடம் திருட்டுக் கொடுத்தாலும் போலீஸில் எழுதி வைப்பது கொஞ்சம் சிரமந்தான்.

பல வருஷங்களில் இறுதிப் பந்தயத்துக்கு முன் இரண்டு வாரம் அவகாசம் கிடைப்பது உண்டு. அந்த வருஷம் ஒரே வாரந்தான். அந்த வாரத்தில் டாம்பாவின் பயிற்சி மைதானத்தில் நடந்ததைத்தான் நாம் இந்தக் கதையிலேயே மிகவும் ரஸமான பகுதி என்று கருதுகிறோம். காக்கும் அணிக்குப் பயிற்சி கொடுக்க வேண்டுமானால், எதிராளியைப் போல் ஆடிக் காட்டுவதற்கு ஒருவன் வேண்டும். கானனைப் போல் ஆடிக் காட்ட யாரால் முடியும்? குரூடனே பந்தைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றார். கானன் எப்படிக் கத்துவானோ அப்படிக் கத்தினார். எப்படிப் பார்ப்பானோ அப்படிப் பார்த்தார். குரு தம் சிஷ்யனுடைய வேஷத்தைக் கட்டிக்கொண்டார்!

குருக்ஷேத்திரத்தில் துரோணருக்கு எதிரே நின்றவர்களும் அவரிடமே வில் பிடிக்கக் கற்றவர்கள்தாம். ஆனால் அவர்கூட அர்ச்சுனனைப்போல் வேஷம் போட்டுக் கௌரவர்களுக்கு ஒத்திகை நடத்தியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

* * *

பந்தயம் தொடங்கியது. ஓக்லண்டுதான் ஜயிக்கும் என்று பந்தயப் பணம் கட்டுவோர் எண்ணியிருந்தார்கள். முதல் 3 புள்ளியும் ஓக்லண்டுக்கே கிடைத்தது. அதற்குப் பிறகு வந்ததெல்லாம் வேறு கதை. இடைவேளையில் டாம்பா 20, ஓக்லண்டு 3. மூன்றாம் பகுதியில் ஒரு சமயம் 34க்கு 3. முடிவில் 48க்கு 21.

கானன் வீசிய பந்துகளில் 5 எதிரிகளின் கையில் போய் விழுந்தன. அவற்றில் 3-ஐ எதிரிகள் எல்லை வரையில் தூக்கிக்கொண்டே ஓடிப் புள்ளிகளாக மாற்றினார்கள். வருஷமெல்லாம் சிங்கம்போல் ஆடியவன், அந்த ஒரு மாலையில், தான் எங்கே வீசப் போகிறோம் என்று தனக்கு முன்பே எதிரிக்குத் தெரிந்திருப்பதைக் கண்டு திகைத்தான். டாம்பாவின் ஜான் லின்ச் என்ற ஆட்டக்காரரின் உடுப்பில் அன்று ஓர் ஒலிவாங்கி பொருத்தியிருந்தார்கள். ஓக்லண்டுக்காரர்கள் ஆடுகிற வியூகங்களெல்லாம் தாங்கள் அந்த வாரம் ஒத்திகை பார்த்தவையே என்று அவர் ஆட்டத்தின் நடுவிலேயே தம் கூட்டாளிகளிடம் சொன்னது அதில் பதிவாயிற்று. இரண்டு பந்துகளைப் பறித்த டெக்ஸ்டர் ஜாக்ஸனுக்கு அன்றைய சிறந்த ஆட்டக்காரர் என்ற கௌரவம் கிடைத்தது.

* * *

இப்போது நியாயத்துக்கு வருவோம். குரூடன் செய்தது சரியா?

உடனே நம்மவர்களுக்கு விபீஷணன் ஞாபகம் வந்துவிடும். ஆனால் இந்த இடத்தில் விபீஷணனை இழுப்பது பொருந்தாது என்பது நம் அபிப்பிராயம். விபீஷணன் தானாக எழுந்து போனவன். குரூடனையோ முதலாளியே விலை பேசி, ரசீது கொடுத்து, பணத்தையும் எண்ணி வாங்கிக்கொண்டு அனுப்பினார். தலையை விற்றவர் தலைக்குள் இருந்த சரக்கை மட்டும் தம்மிடமே நிறுத்தி வைத்துக்கொள்ள முடியுமா?

"இருந்தாலும், 'உப்பிட்டவரை உள்ளளவும் நினை' என்று நம் பாட்டிமார்கள் சொல்லவில்லையா?" என்று கேட்பீர்கள். சொன்னார்கள், நாமும் அதை மறுக்கவில்லை. ஆனால் பழமொழி 'நினை' என்றுதான் சொல்கிறது. கற்றதை மறந்துவிடு என்று சொல்லவில்லை. ஏடுகளைத் திருடிக்கொண்டு போவது குற்றம். நம்பிச் சொன்ன குடும்ப விவகாரத்தை ஊரில் பரப்புவது குற்றம். பழைய எஜமானரைப் புது எஜமானரிடம் தூற்றுவது ஈனம். கையும் கண்ணும் கற்றுக்கொண்ட தொழிலோ அப்படிப்பட்டதல்ல. அதைக் கழற்றி வைத்துவிட்டுப் போ என்று சொல்ல யாருக்கும் அதிகாரமில்லை.

அப்படியானால் குற்றம் யாருடையது? சாவி ஒருவரிடம் இருக்கிறது என்று நன்றாகத் தெரிந்தும், பதினொரு மாதம் பழைய பூட்டையே தொங்கவிட்டிருந்தவர்களுடையது. கடைசி வாரத்தில் அவர்களால் ஒன்றும் செய்திருக்க முடியாது என்பது உண்மையே. நெருக்கடியில் வாய்க்குத் தானாக வர வேண்டிய சொற்களை ஆறு நாளில் மாற்றினால், எதிரி குழம்புவதற்கு முன்னால் தன் ஆட்களே குழம்பிவிடுவார்கள். ஆனால் முந்திய பிப்ரவரியிலிருந்து அவகாசம் இருந்தது. வெற்றி மேல் வெற்றி வந்துகொண்டிருந்ததால் யாருக்கும் கவலை உண்டாகவில்லை. பழக்கத்தைப் போல் சௌகரியமான தலையணை கிடையாது; அதில் தலை வைத்தவனுக்குத் திருடன் வருகிற சப்தம் கேட்பதுமில்லை.

இன்னொன்றையும் நியாயமாகச் சொல்ல வேண்டும். சாவி இருந்தால் மட்டும் போதாது. கதவைத் தள்ளுவதற்குக் கையில் பலமும் வேண்டும். எதிரி எங்கே வீசுவான் என்று தெரிந்தாலும் அங்கே ஓடிப் போய்ச் சேருகிறவன் வேண்டுமே! அந்தக் கால்களைப் பழக்கியவர்கள் டஞ்சியும் கிபினும். ஆகவே அந்த வெற்றியில், விலக்கி அனுப்பப்பட்ட டஞ்சிக்கும் ஒரு பங்கு உண்டு. அவருக்கு உரிய கௌரவம் பின்னால் வந்தது. 2007 பிப்ரவரி 4ந் தேதி, இண்டியானாபோலிஸ் கோல்ட்ஸ் கோஷ்டிக்கு உபாத்தியாயராக நின்று, அதே சூப்பர் பௌலை ஜயித்தார்.

* * *

தோல்வி அடைந்த வீட்டில் என்ன நடக்கும் என்பது நமக்குத் தெரிந்ததே. துரோகி யார் என்று தேடுவார்கள். பத்து வருஷம் கழித்து, 2013 ஜனவரியில், ஓக்லண்டில் ஆடிய டிம் பிரௌன் என்ற புகழ்பெற்ற ஆட்டக்காரர் காலஹன்மீதே பழி சுமத்தினார். பழைய சிநேகிதர் குரூடனுக்கு எதிராக ஆடுகிறோம் என்பதால் அவர் கடைசி நேரத்தில் வேண்டுமென்றே ஆட்டத் திட்டத்தை மாற்றிக் கெடுத்தார் என்பது புகார். காலஹன் இதை வன்மையாக மறுத்தார். கூட ஆடிய வேறு சிலரும் அதை ஒப்புக்கொள்ளவில்லை.

இந்தப் புகாரைப் படித்தபோது நமக்குக் கோபத்தைவிடப் பரிதாபமே அதிகம் உண்டாயிற்று. பத்து வருஷமாக ஆறாத புண் அது. ஆனால் பாருங்கள்: பூட்டை மாற்றவில்லை என்ற எளிய காரணம் கண்ணெதிரே கிடக்கிறது. அதை ஏற்றுக்கொண்டால் குற்றத்தில் எல்லாருக்கும் பங்கு வந்துவிடும். துரோகம் என்று சொல்லிவிட்டாலோ ஒருவன் தலையோடு போய்விடும். துரோகி என்ற சொல்லை மனிதர்கள் இவ்வளவு ஆவலுடன் தேடுவதற்கு இதுதான் காரணம்.

பழைய சாவியை நம்பினவர்களுக்கும் அது வெகுநாள் உதவவில்லை. அடுத்த பருவத்திலேயே ஓக்லண்டு 16 ஆட்டங்களில் 4-ல்தான் ஜயித்தது; காலஹன் வேலையை இழந்தார். டாம்பாவும் 7-ல் ஜயித்து 9-ல் தோற்றது. குரூடன் அங்கே 2008-ம் வருஷப் பருவம் வரையில் இருந்தார். இறுதிக் கட்டத்துப் பந்தயம் ஒன்றில்கூட மறுபடியும் ஜயிக்கவில்லை. 2009 ஜனவரியில் அவரையும் விலக்கினார்கள். பழைய வீட்டு ரகசியம் ஒரு நாள் சரக்கு. அன்றைக்குச் செலவழித்தால் உண்டு. மறுநாள் புதிதாகத்தான் சமைக்க வேண்டும்.

எதிர் வீட்டு ரசத்துக்குத் திரும்புவோம். போனவரைப் பார்த்துப் பல்லைக் கடிப்பதில் பயனில்லை. கலியாண வீட்டில் அவரைக் கண்டால், "சௌக்கியமா?" என்று முதலில் நாமே விசாரித்துவிடுவது நல்லது, பத்து வருஷம் நமக்குச் சமைத்துப் போட்ட கை அது. பிறகு வீட்டுக்கு வந்து, அடுப்பங்கரையில் எட்டிப் பார்த்து, "மிளகைக் கொஞ்சம் கூட்டிப் பார்த்தால் என்ன?" என்று கேட்கலாம். அவர் போன அன்றே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது.